சாவி கொடுக்கும் குரோனோகிராஃப்: எந்தத் தொல்லையை விலை கொடுத்து வாங்குவது?

சாவி கொடுக்கும் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் உள்ள கைக்கடிகாரம், வாங்கப் போகிறவர் முதலில் டயலைப் பார்க்கிறார். பிறகு நிலவுக்குப் போன வாட்சின் கதையைப் படிக்கிறார். கடைசியில் விலையில் வந்து தடுக்கி நிற்கிறார். வாங்கி ஆறு மாதம் ஆனபின் இந்த மூன்றையும் பற்றி அவர் பேசுவதில்லை. காலையில் சாவி கொடுக்கும்போது விரலில் இடிக்கும் பித்தான், பூஜ்யத்துக்கு அரை நொடி தள்ளி நிற்கும் முள், வியர்வை பட்டுப் பச்சை பூக்கும் பின்மூடி, 'இதெல்லாம் நாங்க தொடுறதில்ல சார்' என்று திருப்பிக் கொடுக்கும் ரிப்பேர் கடை, இவைதான் பேச்சு.

எனவே வரலாற்றையும் அழகையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தொல்லையை வைத்தே ஒப்பிடலாம். தொல்லை இல்லாத குரோனோகிராஃப் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நச்சரிப்பு உண்டு. உங்களால் எதைப் பொறுத்துக்கொள்ள முடியும், வேலூர் வெயிலிலும் வேலூர்க் கடைகளிலும் எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

எதை வாங்கினாலும் கூடவே வருபவை

குரோனோகிராஃப் என்பது நேரம் காட்டும் வாட்சுக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச். மேல் பித்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீள முள் ஓடும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பித்தான் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பும். இரண்டுக்கும் நடுவில் சாவி கொடுக்கும் திருகு. அங்கேயே முதல் தொல்லை: திருகைப் பிடிக்கக் கட்டை விரலுக்கு இடம் போதாது. கையில் கட்டியபடியே சாவி கொடுத்தால் திருகின் தண்டு பக்கவாட்டில் அழுந்தும், நாளடைவில் தண்டு போகும் துளை அகலமாகும். கழற்றி, டயல் உங்களைப் பார்க்கப் பிடித்து, சின்னச் சின்னத் திருப்பாக முப்பது நாற்பது முறை திருப்புங்கள். கெட்டியாகி நிற்கும் இடம்தான் எல்லை. 'அதிகமா சாவி கொடுத்துட்டேன், வாட்ச் நின்னுபோச்சு' என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் புகார். உண்மையில் அந்த வாட்ச் எண்ணெய் காய்ந்து ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்திருக்கும். முழுச் சாவியோடு நின்றதால் பழி சாவிமேல் விழுகிறது.

முழுச் சாவிக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று காகிதத்தில் இருக்கும். அதை நம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் சாவி கொடுக்கக் கூடாது. ஸ்பிரிங் தளரத் தளர, இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் வீச்சு குறைந்து நேரம் பிசகும். தினமும் ஒரே நேரத்தில், காலைக் காபிக்கு முன்னோ பின்னோ, கொடுப்பதுதான் வழி. ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை வாட்ச் கட்டுகிறவர் இந்த வகைப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

அடுத்தது, ஸ்டாப்வாட்சைத் தொடங்கும் நொடியில் நடுமுள் ஒரு சிறு துள்ளல் துள்ளும். இது பழுது இல்லை. பக்கவாட்டில் நகர்ந்து வரும் சக்கரத்தின் பல், நடுச்சக்கரத்தின் பல்லோடு கோக்கும்போது பல் முனையும் பல் முனையும் மோதினால் முள் முன்னுக்கோ பின்னுக்கோ கொஞ்சம் குதிக்கத்தான் செய்யும். ஆனால் தொடங்கிய பிறகும் முள் நடுங்கி நடுங்கி ஓடினால் அது வேறு. நடுச்சக்கரத்தை லேசாக அழுத்திப் பிடிக்கும் மெல்லிய உராய்வுத் தகடு தளர்ந்திருக்கிறது என்று பொருள். முன்னதற்குக் காசு செலவழிக்காதீர்கள். பின்னதை அடுத்த சர்வீசில் சொல்லிச் சரிசெய்யலாம்.

ஸ்டாப்வாட்ச் ஓடும்போது இயந்திரத்துக்குக் கூடுதல் சுமை. சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால் பேலன்ஸ் வீலின் வீச்சு இருபது முப்பது பாகை இறங்குவது இயல்பு. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, 270 பாகைக்குமேல் இருந்தால் ஆரோக்கியம். ஸ்டாப்வாட்சை ஓட விட்டதும் 200க்குக் கீழே விழுந்தால் சர்வீசுக்கு நேரம் வந்துவிட்டது. அழகுக்காக நாள் முழுக்க நடுமுள்ளை ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் தேய்மானம் தேய்மானம்தான்.

இன்னொன்று காந்தம். காந்த மூடி வைத்த மொபைல் உறை, கைப்பையின் காந்தக் கொக்கி, ப்ளூடூத் ஸ்பீக்கர் இவற்றின் பக்கத்தில் இரவெல்லாம் கிடந்த வாட்ச் மறுநாள் பல நிமிடம் வேகமாக ஓடும். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டு, அதன் ஓடும் நீளம் குறைந்ததால் வரும் வேகம் அது. காந்தம் நீக்கும் சின்னக் கருவி இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. பித்தானை அழுத்தியபடி வாட்சை அதன்மேல் வைத்து, கையை மெல்ல ஒரு முழத்துக்குமேல் விலக்கிய பிறகே பித்தானை விடுங்கள். வாட்ச் பக்கத்திலேயே இருக்கும்போது விட்டால் காந்தம் கூடினாலும் கூடும். ரிப்பேர் கடையில் 'ஃபாஸ்டா ஓடுது' என்று சொல்லித் திறக்க வைப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

வேலூர் தரும் தனித் தொல்லைகள்

சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. வாட்சுக்கு வெயிலைவிட வியர்வைதான் எமன். பழைய குரோனோகிராஃபுகளின் பித்தான்களில் ரப்பர் வளையமே இருக்காது, அல்லது இருந்தது கரைந்து போயிருக்கும். வியர்வை உள்ளே இறங்கி, உப்புப் பூத்து, பித்தான் அழுத்தினால் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டு விடச் சொல்வார். விடாதீர்கள். அந்தச் சொட்டு தண்டு வழியே உள்ளே போய் நடுச்சக்கரத்தின் நுண்பற்களில் பரவும். குரோனோகிராஃபில் அந்தப் பற்கள் உலர்ந்தே இருக்க வேண்டியவை. எண்ணெய் பட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு முழுச் சர்வீஸ்தான். பித்தானைக் கழற்றிச் சுத்தம் செய்வதே சரி.

வெளி உடல் எந்த உலோகம் என்பதும் இங்கே முக்கியம். குரோம் பூசிய பித்தளை உடல் என்றால், வார் மாட்டும் கொம்புகளின் அடிப்பக்கத்தில் பூச்சு முதலில் கிளம்பும், பிறகு பச்சைக் களிம்பு. குளிர்நாட்டுக்காரர் பத்து வருடம் கட்டிய வாட்ச் இங்கே மூன்று கோடையில் அந்த நிலைக்கு வந்துவிடும். ஸ்டீல் உடல் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதையே வாங்கலாம். தினமும் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் பின்மூடியைத் துடைப்பது ஒரு நிமிட வேலை.

வார் விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் வேலை தெரிந்த கைகள் நிறைந்த பக்கம் இது. பழைய வாட்சுகளில் பல 18 மி.மீ. வார் கேட்கும். கடைகளில் 20, 22 தான் அதிகம் தொங்கும். அகலத்தை அளந்து சொல்லி, 2 மி.மீ. கனத்தில், பட்டை கொண்டு பதனிட்ட தோலில் செய்து தரச் சொன்னால் ஆயத்த வாரைவிட நன்றாகவே அமையும். ஆனால் பங்குனி முதல் ஆடி வரை தோல் வாரைக் கழற்றி வைத்துவிட்டு நைலான் வார் போடுங்கள். தோல் வியர்வையைக் குடித்து, அதை நாள் முழுக்கப் பின்மூடியில் ஒற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய வாட்சுகளின் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக். கீறல் விழும், ஆனால் சில்லு சில்லாய் உடைந்து முள்ளுக்குள் விழாது. கீறலை வீட்டிலேயே போக்கலாம்: சுற்றுவளையத்தை டேப் ஒட்டி மறைத்து, பிராசோ ஒரு பொட்டு, மெல்லிய பருத்தித் துணி, நாலைந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போதும். ஆழமான கீறல் அதற்குப் போகாது, கண்ணாடியை மாற்ற வேண்டும். மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது சானிடைசர். ஆல்கஹால் ஈரத்தோடு திரும்பத் திரும்பத் தொட்டால் அக்ரிலிக்கில் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பும். அதைப் பாலிஷ் போட்டுப் போக்க முடியாது.

முதல் தேர்வு: பழைய சுவிஸ்

இதில் சாதாரணமாகக் கைக்கு எட்டும் இயந்திரங்கள் இரண்டு குடும்பம். ஒன்று லாண்டெரான் 48 வகை. மற்றது வால்ஷூ 7730 முதல் 7733, 7734, 7736 வரையிலானது. 7734 என்றால் தேதி உண்டு, 7736 என்றால் 12 மணி நேரக் கணக்கு முள் உண்டு. இந்த வால்ஷூ குடும்பத்தின் மூலம் வீனஸ் என்ற கம்பெனியின் 188. 1966ல் வீனஸ் வால்ஷூவின் கைக்குப் போனபின் எண் மாறியது. இவற்றுக்கு மேலே வால்ஷூ 72 இருக்கிறது. ரோலெக்ஸ் டேட்டோனாவுக்குள் 1988 வரை ஓடியது அதன் வழிவந்த இயந்திரங்கள்தான். அதன் விலை வேறு உலகம், இங்கே அதை எடுக்கவில்லை.

லாண்டெரானின் நச்சரிப்பு பழக்கம் சார்ந்தது. மேல் பித்தான் தொடங்க மட்டும். நிறுத்துவதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதும் கீழ்ப் பித்தான். இது தெரியாமல் மேல் பித்தானையே நிறுத்துவதற்காக அழுத்தி, 'நிக்க மாட்டேங்குது' என்று சலித்து விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வாங்குபவருக்கு அதிர்ஷ்டம். பழகிவிட்டால் இதில் ஒரு வசதியும் இருக்கிறது: நிறுத்திய இடத்திலிருந்து மேல் பித்தானால் தொடரலாம், குழப்பமே வராது.

7733 குடும்பம் கேம் வகை. ஸ்டாப்வாட்சைத் தொடங்கி நிறுத்தும் வேலையைத் தூண் சக்கரத்துக்குப் பதில் அழுத்தி வெட்டிய தகடு செய்யும். பித்தான் அழுத்தம் முரட்டுத்தனமாக இருக்கும், விரலுக்கு 'டக்' என்று கேட்கும். தூண் சக்கரத்தின் மென்மையைப் புகழ்கிறவர்கள் இதை இளக்காரமாகப் பேசுவார்கள். வேலூரில் வாட்ச் வைத்திருக்கப் போகிறவருக்கு நாம் சொல்வது நேர்மாறு. கேம் வகையைப் பிரித்துப் பூட்டத் தேவையான நுணுக்கம் குறைவு, பிழைக்கு இடம் கொஞ்சம் அதிகம். ஆனால் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பித்தானை அழுத்தவே கூடாது. இயந்திரம் தடுக்கும். தடுப்பதை மீறி அழுத்தினால் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளும் சுத்தியல் நெம்புகோலோ அதன் ஸ்பிரிங்கோ போய்விடும். கையில் எடுத்துப் பார்க்கும் நண்பர்கள் முதலில் செய்வது இதைத்தான், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உண்மையான தொல்லை உதிரிபாகம். புதிதாகச் செய்வோர் இல்லை. இன்னொரு செத்த இயந்திரத்தை வாங்கி அதிலிருந்து எடுக்க வேண்டும். மெயின் ஸ்பிரிங், கண்ணாடி, திருகுத் தண்டு போன்றவை கிடைத்துவிடும். நடுச்சக்கரமும் நிமிடக் கணக்குச் சக்கரமும் பல் போனால் தேடல் மாதக்கணக்கில் இழுக்கும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இப்படி. முழுச் சாவி கொடுங்கள். ஸ்டாப்வாட்சைத் தொடங்கி ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். நொடி முள் 60ஐத் தாண்டும்போது நிமிடக் கணக்கு முள் ஒரு கோடு சுத்தமாகக் குதிக்க வேண்டும். பாதி குதித்து நின்றாலோ இரண்டு குதித்தாலோ, சரிசெய்யும் திருகாணி நிலை மாறியிருக்கிறது. பத்து நிமிடம் ஓட விட்டு வாட்ச் நிற்கிறதா பாருங்கள். தொடங்கு, நிறுத்து, பூஜ்யம் என்று பத்து முறை செய்யுங்கள். பத்து முறையும் நடுமுள் ஒரே இடத்தில் வந்து நின்றால், அது பூஜ்யத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, முள்ளை எடுத்து மறுபடி பொருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் முள்ளின் குழல் தளர்ந்திருக்கிறது, அல்லது முள்ளின் அச்சில் உள்ள இதய வடிவத் தகட்டின்மேல் சுத்தியல் சரியாக உட்காரவில்லை. இது சில்லறை வேலை இல்லை.

பின்மூடி திறந்த படம் இல்லாமல் இணையத்தில் வாங்காதீர்கள். டயலில் சிறு வட்டங்களின் விளிம்பையும் எழுத்துகளின் அடியையும் லென்சால் பாருங்கள். நம் நாட்டுச் சந்தையில் புதுப்பூச்சுப் பூசிய டயல் ஏராளம். எழுத்து தடித்து, கோடுகள் வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தால் மறுபூச்சு. கட்டிக்கொள்ள அது தடையில்லை, ஆனால் விலையில் பாதிக்கு மேல் பேரம் பேச வேண்டிய விஷயம். 1960களுக்கு முந்தைய டயலில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசியிருக்கலாம். கட்டுவதைவிடத் திறந்து சுரண்டுவதுதான் ஆபத்து. முள்ளிலிருந்து உதிரும் தூளை ஊதாதீர்கள்.

இரண்டாவது: சீகல் எஸ்டி19

தூண் சக்கரம் வேண்டும், புதியதாக வேண்டும், லட்சங்கள் இல்லை என்பவருக்கு இருக்கும் வழி இதுதான். 1960களின் தொடக்கத்தில் சீனாவின் தியான்ஜின் தொழிற்சாலை (இன்றைய சீகல்), விமானப்படைக்கான வாட்சுக்காக, சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175ஐச் செய்யும் கருவிகளை வாங்கியது. இன்று எஸ்டி1901 என்ற எண்ணோடு '1963' என்று விற்கப்படும் வாட்சுகளுக்குள் ஓடுவது அதன் வழிவந்ததே. மணிக்கு 21,600 அடிப்பு. மூன்று மணிப் பக்கம் 30 நிமிடக் கணக்கு, ஒன்பது மணிப் பக்கம் ஓடும் நொடி. தேதி கிடையாது, அது ஒரு நிம்மதி.

தொல்லை வேறு மாதிரி. பழைய சுவிஸில் வயதால் வரும் பழுது, இதில் அவசரத்தால் வரும் பழுது. பெட்டியிலிருந்து எடுத்ததுமே நடுமுள் பூஜ்யத்துக்குத் தள்ளி நிற்கும். நாளுக்கு அரை நிமிடம் ஓடிப்போகும். தளர்ந்த திருகாணி ஒன்று உள்ளே உருண்டு பேலன்ஸ் வீலை நிறுத்தும். எல்லாவற்றிலும் இப்படி இல்லை, ஆனால் நல்லது வருவது கொஞ்சம் யோகம். அதனால் வாங்கிய முதல் வாரமே சோதனையை முடித்து, திருப்பி அனுப்பும் காலம் தாண்டுவதற்குள் முடிவெடுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கவரியும் சேரும், திருப்பி அனுப்புவது நடைமுறையில் நடக்காத காரியம். உள்நாட்டு விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கும் வசதி இதிலும் இல்லை. திருகை இழுத்தாலும் நொடி ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் நேரத்துக்குச் சரியாக வைக்க வேண்டுமென்றால், நொடி முள் 60ல் வரும் கணம் வரை காத்திருந்து நிமிட முள்ளைக் கோட்டில் நிறுத்துங்கள். மீதி வித்தியாசத்தோடு வாழப் பழகுங்கள். திருகை லேசாகப் பின்னோக்கி அழுத்தி இயந்திரத்தை நிறுத்தும் தந்திரம் ஒன்று சுற்றி வருகிறது. ஓரிரு முறை செய்தால் ஒன்றும் ஆகாது, தினசரிப் பழக்கமாக வேண்டாம்.

இதன் பெரிய அனுகூலம், இயந்திரத்தையே மாற்றிவிடலாம் என்பது. முழுச் சர்வீசுக்கு ஆகும் கூலியும் புது இயந்திரத்தின் விலையும் பல நேரம் பக்கத்தில் பக்கத்தில் வரும். டயலின் கால், முள்ளின் துளை எல்லாம் ஒத்துப்போகும் என்பதால் கவனமான கை இருந்தால் உள்ளூரிலேயே முடியும். பழமைப் பிரியருக்கு இது கசக்கும். வேலூரில் இருந்துகொண்டு யோசித்தால் இனிக்கும்.

மூன்றாவது: போல்யோட் 3133

மாஸ்கோவின் முதல் வாட்ச் தொழிற்சாலை, வால்ஷூ 7734இன் அடிப்படையில் 1970களின் நடுவிலிருந்து செய்தது. தேய்மானம் குறைக்கும் 23 கல், 21,600 அடிப்பு, ஆறு மணியில் தேதி. இயந்திரம் உழைக்கும் ஜாதி, அதில் குறையில்லை. குறை மூன்று இடத்தில். தேதியைத் தனியே மாற்றும் வசதி இல்லை. நாலு நாள் கட்டாமல் வைத்துவிட்டு எடுத்தால் முள்ளைச் சுற்றிச் சுற்றித்தான் தேதியை எட்ட வேண்டும், முதல் தொல்லையின் இடிக்கும் பித்தான்களோடு. பல மாடல்களின் உடல் குரோம் பூசிய பித்தளை, வியர்வைக் கதை மேலே சொன்னதுதான். மூன்றாவது, சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு மிச்சப் பாகங்களைக் கூட்டிச் சேர்த்த வாட்சுகள் சந்தையில் நிறையக் கலந்துவிட்டன. டயல் ஒன்று, உடல் வேறு, முள் இன்னொன்று. ஓடும், ஆனால் என்ன வாங்கினோம் என்பது தெரியாது. ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து பாகம் வரவழைப்பதும் இப்போது லேசான காரியமில்லை. ஸ்டீல் உடலில், திறந்த படத்தோடு, நியாய விலைக்கு வந்தால் யோசிக்கலாம். தேடிப் போய் வாங்கச் சொல்ல மாட்டோம்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்

நிலவுக்குப் போன வாட்ச் இதுதான். பணம் இருந்தால் கேள்வியே இல்லை என்பார்கள். கேள்வி இருக்கிறது. 1861 இயந்திரம் உள்ள பழைய மாடலில் நொடியை நிறுத்த முடியாது. 2021ல் வந்த மாடலின் 3861 இயந்திரத்தில் முடியும், 50 மணி நேரம் ஓடும், காந்தத்துக்கும் அசையாது. நம் பட்டியலில் உள்ள பாதித் தொல்லையை அந்த ஒரு மாற்றமே தீர்த்துவிடுகிறது. டயலின் நொடிக் கோடுகளைக்கூட அப்போதுதான் ஐந்து பங்கிலிருந்து மூன்று பங்காக மாற்றினார்கள். நொடிக்கு ஆறு முறை அடிக்கும் இயந்திரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கோடு பொருந்தாமல் அத்தனை வருடம் இருந்தது என்பது வேடிக்கைதான். ஆனால் சர்வீஸ் என்றால் அதிகாரபூர்வ மையம், பெருநகரம், நல்ல பழைய சுவிஸ் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வரும் கட்டணம். யானை கட்டித் தீனி போட முடிகிறவருக்கு இது.

சாவியே வேண்டாம் என்றால்

பித்தான் வேலை செய்யும் சுகம் வேண்டும், சாவி வேண்டாம் என்பவருக்கு சீகோவின் விகே63 இயந்திரம் போட்ட வாட்சுகள். நேரம் பேட்டரியில் ஓடும். ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது மட்டும் சுத்தியலும் இதயத் தகடும். எனவே முள் சட்டென்று வந்து உட்காரும். ஓடும்போது நொடிக்கு ஐந்து அடி. பேட்டரி மூன்று வருடம் தாங்கும், எண் எஸ்ஆர்936. எந்தச் சின்னக் கடையிலும் மாற்றலாம். எரிச்சல் என்று பார்த்தால் மூன்று மணிப் பக்கத்தில் இருக்கும் 24 மணி நேர வட்டம். யாருக்கும் எதற்கும் பயன்படாமல் சமச்சீருக்காக உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த சீகோ குரோனோகிராஃப் இருந்தால், சாவி கொடுத்து ஓடவில்லை என்று செத்ததாக முடிவு கட்டாதீர்கள். 1969ல் வந்த சீகோ 6139 ஆட்டோமேட்டிக், திருகால் சாவி கொடுக்கவே முடியாது. திருகைப் பாதி அழுத்தினால் தேதி, முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். கையில் எடுத்துப் பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஓடத் தொடங்கும். அதன் அண்ணன்மாதிரி இருக்கும் 6138க்கு மட்டும் சாவி கொடுக்கலாம்.

யார் திறப்பது

ஒப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை இதற்குத்தான். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைக் கடைகளில் ஹெச்எம்டி சாவி வாட்சைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் குரோனோகிராஃப் வேறு வித்தை. சாதாரண வாட்சின்மேல் இன்னொரு அடுக்கு நெம்புகோலும் ஸ்பிரிங்கும். ஒரு கடையை மதிப்பிட மூன்று கேள்வி போதும். ஸ்டாப்வாட்ச் அடுக்கைத் தனியே பிரித்துக் கழுவுவீர்களா, இல்லை இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்குவீர்களா? முக்குவேன் என்றால் வணக்கம் சொல்லி வெளியே வந்துவிடுங்கள். வேலை முடிந்தபின் சோதனைக் கருவியில் ஸ்டாப்வாட்ச் ஓடும்போதும் ஓடாதபோதும் அளவு காட்டுவீர்களா? மூன்றாவது, மையம் விலகிய தலையுள்ள சரிசெய்யும் திருகாணிகளைத் தொடுவீர்களா? பற்கள் எவ்வளவு ஆழம் கோக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை அவை. ஆழம் குறைந்தால் முள் தாவும், கூடினால் வாட்ச் நின்றுவிடும். காரணமில்லாமல் அவற்றைத் திருப்பமாட்டேன் என்பவரே வேலை தெரிந்தவர். சாதாரணத் திருகாணி என்று நினைத்து இறுக்குகிறவர்கள்தான் பெரும்பாலான பழைய 7733களைக் கெடுத்தவர்கள்.

அப்படிப்பட்ட கை உள்ளூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர், பெங்களூரு 200க்கு மேல். கொடுக்க ஒரு பயணம், வாங்க ஒரு பயணம், சரியில்லை என்றால் மறுபடி இரண்டு. நாலைந்து வருடத்துக்கு ஒரு சர்வீஸ் என்று கணக்குப் போட்டு, சாதாரண வாட்சைவிட இரண்டு மூன்று மடங்கு கூலியையும் சேர்த்து, அதன் பிறகு வாட்சின் விலையைப் பாருங்கள். மலிவான பழைய சுவிஸ் அப்போது அவ்வளவு மலிவாகத் தெரியாது.

நாங்கள் எப்படித் தேர்ந்தெடுப்போம்

முதல் குரோனோகிராஃப் என்றால் சீகல், 38 மி.மீ. அளவில், உள்நாட்டு விற்பனையாளரிடம். நடுமுள் தள்ளி நிற்பதை ஒருமுறை சரிசெய்துகொண்டால் மீதி வருடங்கள் அமைதியாகப் போகும். ஏற்கெனவே நம்பகமான கடைக்காரர் ஒருவர் உங்களுக்கு உண்டு, தேடிப் பாகம் சேர்ப்பதும் ஒரு பொழுதுபோக்குதான் என்றால் ஸ்டீல் உடல் 7733. தேதி வைத்த 7734 வேண்டாம். தோல் தொழிற்சாலை, சிப்காட், கட்டட வேலை என்று தூசியிலும் ஈரத்திலும் நாள் போகிறவருக்கு விகே63. சாவி வாட்சை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவரோ செவிலியரோ என்றால் ஒரு தனிக் குறிப்பு. டயலின் ஓரத்தில் நாடித்துடிப்பு அளவுகோல் உள்ளதைத் தேடுங்கள். தொடங்கி, 30 துடிப்பு எண்ணி, நிறுத்தினால் நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டும். சிலவற்றில் 15 துடிப்புக்கு அளவிட்டிருப்பார்கள், டயலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எண்ணுங்கள். பெரும்பாலான குரோனோகிராஃபில் இருக்கும் வேக அளவுகோலைவிட இது நூறு மடங்கு பயன். அந்த வேக அளவுகோல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை 45 நொடி என்றால் வேகம் 80 என்று வாசிக்க உதவும், அவ்வளவுதான்.

அலமாரியில் தாத்தாவின் குரோனோகிராஃப் ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது என்றால் புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். சாவி கொடுக்காதீர்கள், பித்தான்களை அழுத்தாதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓட விட்டால் தேய்மானம் முதல் நாளிலேயே தொடங்கும். பின்மூடியை ஒரு கடையில் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் மூன்று படம் எடுங்கள்: முழு இயந்திரம் ஒன்று, பேலன்ஸ் வீலுக்கு அடியில் உள்ள எண்ணும் குறியும் ஒன்று, பித்தான் தண்டுகள் உள்ளே நுழையும் இடம் ஒன்று. மூன்றாவது படத்தில் துரு தெரியாவிட்டால் மீட்கச் செலவு செய்யலாம். துரு நெம்புகோல்கள் வரை பரவியிருந்தால் டயலையும் முள்ளையும் பத்திரமாக உறையில் போட்டு வைத்துவிட்டு, அதே எண்ணுள்ள இன்னொரு இயந்திரம் கிடைக்கும்வரை பொறுங்கள்.